மூடும் கையில் இருக்கிறது சத்தம்

மலையூரான ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சரிவு. மேட்டில் தண்ணீர்த் தொட்டி, கீழே சாமைக் கொல்லைகளை ஒட்டி வீடுகள். கடைசி வீட்டில் குழாயை மூடும்போதெல்லாம் 'டங் டங்' என்று அடிக்கிறது. "ராத்திரியில யாரோ சுவத்த இடிக்கிற மாதிரி இருக்குது தம்பி" என்கிறார் வீட்டுக்கார அம்மா. பிளம்பர் பையைத் திறக்கவில்லை. குழாயைத் திறந்து, சட்டென்று மூடி, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு மேட்டுத் தொட்டியை அண்ணாந்து பார்த்தார்.

பாதிக் காரணம் அங்கேதான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். சமவெளியில் தரைதள வீட்டின் மொட்டைமாடித் தொட்டி அரை பார் தந்தால் அதிகம். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில்தான் அங்கே இந்தத் தொல்லை. மலையில் தொட்டி 40 மீட்டர் மேலே இருந்தால், மோட்டாரே இல்லாமல் நான்கு பார் வந்து நிற்கும்.

ஓடிவரும் நீரைத் திடீரென மறித்தால், அதன் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாய்க்குள் போய்வருகிறது. நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி 1897-இல் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து இதற்குக் கணக்கு வகுத்தார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீரை இரும்புக் குழாயில் ஒரே கணத்தில் நிறுத்தினால், அழுத்தம் 12 பார் வரை கூடுதலாக எகிறும். பி.வி.சி. குழாய் நெகிழ்ந்து கொடுப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் வளைவில் நாள்தோறும் அடிவாங்கும் எல்போ இணைப்பு ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும்.

பழைய கேட் வால்வைப் பல சுற்று சுற்றினால்தான் மூடும். இன்று எங்கும் கால் சுற்றில் மூடுகிற பால் வால்வு. வசதிதான், அடியும் அதனால்தான்.

அந்த வீட்டில் அவர் செய்தவை எளிய வேலைகள். ஆடிக்கொண்டிருந்த குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். தேய்ந்த வாஷரை மாற்றினார். குழாய்க்குச் சற்று முன்னால் ஒரு 'டீ' இணைப்பு வைத்து, வாய் மூடிய குழாய்த்துண்டை நிமிர்த்திப் பொருத்தினார். அதில் அடைபடும் காற்று அடியைத் தாங்கும். நாளடைவில் அந்தக் காற்றைத் தண்ணீர் கரைத்துக்கொள்ளும் என்பதால், அவ்வப்போது லைனை வடித்து மறுபடி நிரப்பவும் சொல்லிக்கொடுத்தார். "மெதுவா மூடுங்கம்மா, அதுதான் முதல் மருந்து."

மேட்டில் டேங்க் ஆபரேட்டரையும் சந்தித்தேன். நேரம் வைத்து நீர் விடும் ஊரில், மற்ற வேளைகளில் குழாய் முழுக்கக் காற்று. வால்வை அவர் கொஞ்சம் திறந்து, காதைச் சாய்த்துக் காத்திருந்து, மறுபடி கொஞ்சம் திறக்கிறார். "காத்து போன பிறகுதாங்க தண்ணி போவணும்." அவசரத்தில் முழுவதும் திறந்தால் காற்றும் நீரும் முட்டி, கீழே ஊரே அதிரும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு இணைப்பு தருவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தக் கையின் பக்குவத்துக்கும் ஒரு பயிற்சி, ஒரு மதிப்பு, அதற்கேற்ற கூலி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சத்தம் பெரிதும் அடங்கியது. அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது. சரிவின் நடுவில் ஒரு சிறிய தொட்டி கட்டி, நீரை அதில் விழவிட்டு மறுபடி இறக்கினால் கீழ் வீடுகளுக்கு அழுத்தம் பாதியாகும் என்கிறார் பிளம்பர். அது ஒரு வீட்டுச் செலவில் முடிகிற வேலை இல்லை; ஊராட்சி செய்ய வேண்டியது.