ஐந்து மில்லிமீட்டர்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அஞ்சடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் சைக்கிள் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அக்காள் மகன். ஐந்தாம் படிவம் முடித்து, பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அத்தான் காலமான பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவது அவன் சம்பளத்தில்தான்.

"பாருடா தம்பி, ஒரு வருசமா சேத்து வெச்ச காசையெல்லாம் இந்தச் சைக்கிள்ல போட்டான். இப்ப அதையும் கழட்டிப் போட்டு உக்காந்திருக்கான்" என்றாள் அக்காள்.

அது மலையில் ஓட்டுகிற சைக்கிள். பழையதாக வாங்கியது. ஞாயிறு காலையில் நாலைந்து பையன்கள் சேர்ந்து செம்பனைக் காட்டு மண்பாதைகளில் ஓட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் நாம் அப்சார்பர் என்கிறோமே, அதைப்போல இதன் பின்சக்கரத்துக்கும் ஒன்று உண்டு. கம்பிச் சுருளுக்குப் பதிலாக இதில் காற்று. என் தகப்பனார் பால் வாளி கட்டி மிதித்த சைக்கிளில் பள்ளம் வந்தால் அவர்தாம் எழுந்து நிற்க வேண்டும். அவருடைய முழங்கால்தான் அப்சார்பர்!

அந்த அப்சார்பரைத்தான் பையன் கழற்றி வைஸில் கவ்வக் கொடுத்திருந்தான். மேலுறையைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டியாகிவிட்டது. திருகப் போகிறான்.

"என்னடா செய்யறே?"

"ஸ்ட்ரோக்கைக் கூட்டப் போறேன் மாமா. உள்ள வளையம் போட்டு அடைச்சு வெச்சிருக்கானுங்க. அத எடுத்துட்டா அஞ்சு மில்லி கெடைக்கும்."

ஆசிரியர் பயிற்சிக்குப் போகுமுன் பட்டணத்துச் சைக்கிள் கடை ஒன்றில் இரண்டு ஆண்டு மாலை வேலை செய்தவன் நான். அங்கே தவுக்கே முதல் நாளே சொன்ன பாடம் ஒன்றுதான்: எதைக் கழற்றினாலும் முதலில் காற்றைப் பார். "காத்து எடுத்தியா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன் மாமா. வால்வை அமுக்கி ஒரேயடியா விட்டுட்டேன். பாருங்க, எப்படிச் சுருங்கிக் கெடக்குன்னு."

அந்தச் சுருக்கம்தான் எனக்கு ஐயத்தைக் கொடுத்தது. காற்றே இல்லாத பொருள் ஏன் தானாகச் சுருங்கிக்கொள்ள வேண்டும்? கையால் இழுத்துப் பார்த்தேன், நீளவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. "பட்டையை எடு. அதைத் தொடாதே" என்றேன். வகுப்பில் அதட்டுகிற குரல் என்னையறியாமல் வந்துவிட்டது.

அவன் கைத்தொலைபேசியில் செய்முறைக் கையேடு இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் படம் மட்டும் பார்த்திருக்கிறான். இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். விஷயம் இதுதான். அப்சார்பருக்குள் இரண்டு காற்றறைகள் உண்டு. பெரிய அறை வெளியே தள்ளுகிறது; சின்ன அறை உள்ளே இழுக்கிறது. தண்டு சற்றே அமுங்கும்போது ஓரிடத்தில் மட்டும் இரண்டுக்கும் வழி திறக்கும். வால்வை அமுக்கி ஒரேயடியாகக் காற்றைவிட்டால் பெரிய அறை மட்டும் காலியாகும். சின்ன அறையின் காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டு தண்டை இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையில் உறையைத் திருகினால் கடைசி மரை கழலும் வேளையில் அது குண்டு போலப் பாயும். காரின் டயரில் முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்று இருக்கும், இவன் இதில் 190 அடித்து வைத்திருந்தான். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் முகத்துக்கும் அந்த உறைக்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. இதை நான் அக்காளிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். அதற்கென்றே உள்ள கைப்பம்பினால் மறுபடியும் காற்றடித்தோம். தண்டு வெளியே வந்தது. சைக்கிளில் பூட்டி, நான் சீட்டை அமுக்கி அமுக்கி விட, அவன் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்தான். இரண்டு அறைக் காற்றும் சேர்ந்து இறங்கின. இந்தத் தடவை தண்டு சுருங்கவில்லை. அதன் பிறகே கழற்றித் திருக விட்டேன். உறை சத்தமில்லாமல் கழன்று வந்தது.

உள்ளே இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர் கனம். "பாத்தீங்களா மாமா, கம்பெனிக்காரன் ஏமாத்தியிருக்கான்" என்றான். ஏமாற்று வேலை இல்லை. 2016-இல் மெட்ரிக் அளவுகள் வழக்கத்துக்கு வந்த பிறகு, இரண்டு துளைகளுக்கு இடையே 210 மில்லிமீட்டர் நீளமுள்ள அப்சார்பர் 50, 52.5, 55 என்ற மூன்று ஸ்ட்ரோக் அளவுகளில் வருகிறது. உடம்பு ஒன்றே, உள்ளே போடும் வளையம்தான் எவ்வளவு அமுங்கலாம் என்று தீர்மானிக்கிறது. எந்த அளவு வேண்டும் என்று சொல்வது சைக்கிளின் சட்டத்தைச் செய்தவர்.

இங்கேதான் வாத்தியாருக்கும் ஆசை வந்தது. எனக்குக் கணக்கென்றால் கை துறுதுறுக்கும். அப்சார்பர் 50 மில்லிமீட்டர் அமுங்கினால் அவன் சைக்கிளின் பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் மேலே ஏறும். 130-ஐ 50-ஆல் வகுத்தால் 2.6. அப்படியானால் 55-க்கு 143. செய்தித்தாள் ஓரத்திலேயே எழுதிக் காட்டி, "பதின்மூன்று மில்லிதானே கூடுகிறது, தாராளமாகப் போகும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்! கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை.

இரண்டு வளையங்களையும் எடுத்தான். ரப்பர் வளையங்களைத் துடைத்து, கிரீஸ் தடவி, உறையை மூடினோம். காற்றடிக்காமலேயே சைக்கிளில் பூட்டச் சொன்னேன். காற்றில்லாதபோதுதான் கையால் அமுக்கி அடிமட்டம் வரை இறக்கிப் பார்க்க முடியும். சீட்டைப் பிடித்து அழுத்தினோம். அடிமட்டத்தைத் தொடுமுன்னே 'கிறீச்' என்று ஒரு சத்தம். பின் டயர், சீட்டைத் தாங்குகிற குழாயில் போய் உரசி நின்றது.

பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். காற்றடித்துவிட்டு நேரே மலைச்சரிவுக்குப் போயிருந்தால், உயரத்திலிருந்து குதிக்கிற வேளையில் ஓடுகிற சக்கரம் சட்டத்தில் மாட்டி நின்றிருக்கும்.

ஒரு வளையத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இப்போது டயருக்கும் குழாய்க்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. "இது போதும் மாமா" என்றான். வீட்டு வாசலுக்குப் போதும். மழை பெய்த மறுநாள் நம் தோட்டத்துச் செம்மண் டயரில் எவ்வளவு தடிப்பாக அப்பிக்கொள்ளும் என்பது இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தில் இடிக்கும்போது சட்டமும் சற்று வளையும். அடியில் உள்ள ரப்பர் தடுப்பும் நசுங்கிக் கொடுக்கும். இரண்டாவது வளையத்தையும் அவனே எடுத்துப் போட்டான். நான் சொல்லவில்லை.

தண்டைத் துணியால் துடைக்கப் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். தண்டின்மேல் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். தண்டு அமுங்கும்போது அதைத் தள்ளிக்கொண்டு போய், எவ்வளவு தூரம் அமுங்கியது என்று காட்டும். அது வழக்கமாகப் போய் நின்ற இடத்தில் ஓர் அழுக்குக் கோடு இருந்தது. அளவுகோலை வைத்தேன். 41 மில்லிமீட்டர். ஐம்பது இருக்க, நாற்பத்தொன்றுக்கு மேல் அவன் போனதே இல்லை! இருப்பதில் ஒன்பதை வைத்துக்கொண்டு, இல்லாத ஐந்துக்கு அலைந்திருக்கிறான்.

"காத்து 190 அடிக்கணும்னு யார் சொன்னா?"

"கூட்டாளி மாமா. அவன் அப்படித்தான் அடிக்கிறான்."

"அவன் எத்தனை கிலோ?"

"எம்பது இருப்பான்."

இவன் அறுபது. எடை குறைந்தால் காற்றும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைய வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் போடுகிற கணக்குத்தான். 142.5 வந்தது, 145 அடித்தோம். அவன் காலணி மாட்டி, தலைக்கவசம் போட்டு, சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் ஏறி அசையாமல் உட்கார்ந்தான். ரப்பர் வளையம் 14 மில்லிமீட்டரில் நின்றது. சும்மா உட்கார்ந்தால் ஸ்ட்ரோக்கில் நாலில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை அமுங்க வேண்டும் என்பது கணக்கு. ஐம்பதுக்கு அது பன்னிரண்டரை முதல் பதினைந்து.

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தான். முகம், சட்டை, சைக்கிள் எல்லாம் ஒரே செம்மண். இறங்கியவன் உள்ளே வராமல் அஞ்சடியிலேயே குந்தி உட்கார்ந்து, என் சட்டைப் பையிலிருந்த அளவுகோலைக் கேட்டு வாங்கித் தண்டின்மேல் வைத்துப் பார்த்தான்.

"நாப்பத்தெட்டு மாமா" என்றான். "இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு."

"மொதல்ல போய்க் குளிடா" என்றாள் அக்காள் உள்ளேயிருந்து.