ஆட்டு விலை எழுதியவர்

சான் ஏஞ்சலோ. மேற்கு டெக்சாஸ். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இடுப்பில் துப்பாக்கியோடு யாராவது குதிரையில் வருவார் என்று பார்த்தால், வந்ததெல்லாம் பிக்கப் வண்டிகள்தான்!

கௌபாய் நாவல்கள் எழுதிய எல்மர் கெல்டன் (1926–2009) வாழ்ந்த ஊர் இது. அந்த வகைக் கதைகளில் இவர்தான் நம்பர் ஒன் என்று 1995-ல் சக எழுத்தாளர்களே ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள். ஆனால் மனுஷர் நம்மைப் போல ஆபீஸ் போனவர், ஸார்! 42 வருஷம் பத்திரிகை உத்தியோகம். பகலில் ஆடு, மாடு, கம்பளி நிலவரம். ராத்திரியிலும் லீவு நாளிலும் நாவல்.

1950-களில் இங்கே ஏழு வருஷம் மழை பொய்த்தது. புல் கருகியதையும் பண்ணைக்காரர்கள் நொடித்துப் போனதையும் பேப்பரில் எழுதியவர், அதையே நாவலாக்கினார். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அசரவில்லை. மறுபடி எழுதினார். புத்தகமாக வந்தது 1973-ல்!

ஊர் நூலகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. 'எழுத டைமே இல்லைங்க' என்று எட்டு வருஷமாய்ச் சொல்லி வருகிறவன் நான். சிலையை நேருக்கு நேர் பார்க்க, சத்தியமாய்க் கூச்சமாக இருந்தது.