25 வினாடி

ஒரு கணினி மெதுவாக இருப்பதற்கும் அது காத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தங்கையின் மடிக்கணினி விஷயத்தில் வீட்டில் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். "பழசாயிருச்சுலா, புதுசு வாங்கிறலாம்" என்றார் அம்மா. அப்பாவின் ஓவர்டைம் பணத்தில் 2,000 வெள்ளி அதற்கென்று ஒதுக்கியாயிற்று.

அதில் ஓடுவது ஆர்ச் லினக்ஸ், மேலே ஓப்பன்பாக்ஸ். தோழி ஒருத்தி போட்டுக்கொடுத்தது. 4 ஜிபி நினைவகத்துக்குப் பொருத்தமான தேர்வுதான். ஆனால் கட்டுரை எழுதும் செயலியைத் தட்டினால் ஜன்னல் வருவதற்குள் ஒரு மைலோ கலக்கிவிடலாம்.

கைப்பேசியில் நேரம் எடுத்தேன். 25 வினாடி. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே 25. அங்கேதான் சந்தேகம் வந்தது. ஹார்ட்டிஸ்க் மெதுவென்றால் முதல் தடவைதான் இழுக்கும்; அடுத்த தடவை கோப்புகள் நினைவகத்திலேயே இருப்பதால் சீக்கிரம் வந்துவிடும். வயதான இயந்திரத்தின் சோர்வு இப்படி அளந்து வைத்ததுபோல் இருக்காது. 'டாப்' கட்டளையில் பார்த்தால் சிபியு சும்மா உட்கார்ந்திருந்தது. எக்ஸ்டெர்ம் மட்டும் உடனே திறந்தது.

எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்ததில், செயலி யாருடைய பதிலுக்காகவோ நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. லினக்ஸில் நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது டி-பஸ் வழியாக. பதில் வராவிட்டால் அதில் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 25 வினாடி. கணக்கு சரியாக வந்தது.

பதில் சொல்லவேண்டியது எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல். எந்தத் திரை என்று சொல்லும் 'டிஸ்ப்ளே' மாறி சிஸ்டம்டிக்குப் போய்ச் சேராததால், போர்ட்டலின் ஜிடிகே பகுதி திரையைத் திறக்க முடியாமல் விழுந்துகொண்டே இருந்தது. ஜர்னல்சிடிஎல் பதிவில் அது எழுதியும் இருந்தது. எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில், ஓப்பன்பாக்ஸைத் தொடங்கும் வரிக்கு மேலே, அந்த மாறியை டி-பஸ்ஸுக்கும் சிஸ்டம்டிக்கும் தெரிவிக்கும் ஒரே ஒரு வரி. அடுத்த முறை தட்டியதும் ஜன்னல் வந்துவிட்டது.

"அப்போ இது ஸ்லோ இல்லயாண்ணா?" என்று கேட்டாள்.

தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்மொழிக்காக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவள் அவள். 'மெதுவான பிள்ளை' என்று ஓர் ஆசிரியர் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். கணக்கு அவளுக்கு எப்போதும் வந்தது. கேள்வியின் மலாய்தான் புரியவேண்டியிருந்தது. இப்போது ஆறாம் படிவம்.

"இல்ல. பதிலுக்காக நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

பணம் அப்பாவிடமே இருக்கிறது. எஸ்டிபிஎம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாள்.