ஐந்து நிற வானவில்

பேப்பர் தட்டைப் பாதியாக வெட்டி, கலர் பேப்பரைக் கிழித்து வளைவாக ஒட்டி, இரண்டு முனையிலும் பஞ்சு வைத்தால் வானவில் ரெடி!

"சிவப்பு எடு கண்ணா" என்றார் அம்மா. இரண்டரை வயது வாண்டு சரியாக எடுத்தான். ஆரஞ்சு கேட்டபோதும் சிவப்புதான் வந்தது. கருநீலம் கேட்டால் நீலம். "பக்கத்து வீட்டுப் பாப்பா ஏழும் சொல்றாளேடா..." குரல் உயர்ந்தது. பையன் பசையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஒரு விஷயம் தெரியுமா? ஒளியைப் பிரித்துப் பார்த்த நியூட்டனே முதலில் ஐந்து நிறம்தான் எண்ணினார். இசையின் ஏழு சுரங்களுக்கு ஈடாக, ஆரஞ்சையும் கருநீலத்தையும் பிறகுதான் சேர்த்தார். வாண்டு தடுமாறியதும் அதே இரண்டில்தான்!

கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள் அம்மாக்களே. இப்போதைக்கு ஐந்து போதும். பசை காய்வதற்குள் அவன் திரும்பி வந்தால் சரி.