கழற்றிப் பூட்டிய கமவீடு

இங்கிலாந்தின் பழைய வீடு எனின், கல்லாலான பெருமாளிகையே நம்மவர் பலரின் நினைவுக்கு வரும். பாடநூல்கள் தந்த எண்ணம் அது. மரமும் மண்ணும் கொண்டு அந்நாட்டுக் கமக்காரன் எழுப்பிய வீட்டை அவை நமக்குக் காட்டவில்லை. இலண்டனில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், என்னிலும் மூத்தவர், சில ஆண்டுகளின் முன் என்னை மேற்குச் சசெக்சிலுள்ள சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றார். ஆங்கு நிற்கும் ‘பேலீஃப்’ என்னும் கமவீட்டினுள் அன்றே யான் புகுந்தேன்.

15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வீடு அது. ஓக்கு மரத் தூண்களும் உத்தரங்களுமே அதனைத் தாங்குவன. ஒரு மரத்தின் முனையை மற்றொன்றின் துளையிற் செருகி, மர ஆணியால் இறுக்கியிருக்கின்றனர். இடைவெளிகளை வரிச்சுக் கட்டி மண் அப்பி அடைத்துள்ளனர். (வரிச்சு என்னும் சொல்லையே என் மாணவர்க்கு இன்று விளக்கவேண்டியிருக்கின்றது!) நடுவே, கூரை முகடுவரை திறந்த பெருங்கூடம், அதன் தரை நடுவிலே அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை தானே வழிதேடிக் கூரையினூடாக வெளியேறவேண்டும். சாளரங்களிற் கண்ணாடியும் இல்லை. மரச் சட்டங்களும் பலகைக் கதவுகளுமே உள. மாரிகாலத்தில் அங்கே உறங்கியோரை எண்ணுகையில் எனக்கு உடல் நடுங்கிற்று.

கூடத்தின் ஒரு கோடி வீட்டுத்தலைவன் உண்ண அமரும் இடம். அதற்கப்பால் அவன் குடும்பத்தார்க்குரிய பகுதி, 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சேர்ந்தது. மறுகோடியில் உணவும் பானமும் வைக்கும் அறைகள். எவர் எங்கே இருத்தல் தகும் என்பதைத் தச்சனே வகுத்துவிட்டான்.

அவ்வீட்டின் பிறந்தகம் சிங்கிள்டன் அன்று. கென்ற் பகுதியிலுள்ள சிடிங்ஸ்ரன். போ பீச் நீர்த்தேக்கம் அமைந்தபோது வீடு அழிய இருந்தது. 1968-69 இல் அதனை மரம் மரமாகக் கழற்றி, 1972 இல் இங்கே மீளப் பூட்டினர். பொருத்துக்களால் இணைத்த வீடாதலின் அது இயன்றது.

பிற்காலத்தார் செய்த மாற்றங்களை நீக்கி, 1540 அளவில் இருந்திருக்கக்கூடிய கோலத்தை அதற்குத் தந்துள்ளனர். தளபாடங்களும் அக்காலத்தனவற்றைப் பார்த்துப் புதிதாய்ச் செய்தவை. இஃது எனக்கு முழுதும் உடன்பாடன்று. இடையே நானூறாண்டு வாழ்ந்தோரும் அவ்வீட்டார் அல்லரோ? குளிர் தாங்காது அதனை மாற்றியவனை அகற்றிவிட்டு, கட்டியவனை மட்டும் இருத்துவது எவ்வாறு பொருந்தும் என்று நண்பரிடம் வாதிட்டேன்.

அவர் விடை கூறவில்லை. தூணிலிருந்த மர ஆணி ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றார். 1990 இல் வலிகாமத்தில் அவர் விட்டுவந்த கல்வீட்டில் இப்பொழுது அத்திவாரமே எஞ்சியுள்ளது.

“இதைக் கழற்றியாவது எடுத்தார்களே, தம்பி” என்றார்.