ஒப்படைத்து விலகுதல்

எங்கள் பங்கு அலுவலகக் கணிப்பொறி டெபியன் என்னும் லினக்ஸ் அமைப்பில் இயங்குவது. ஒருநாள் காலை கருந்திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொற்கள் மட்டுமே நின்றன. ஈராண்டுகளாகத் தட்டெழுதிய குடும்பப் பதிவேடு அழிந்ததென்றே கலங்கினேன்.

பழுதுபார்க்க வந்த இளைஞர், "பதிவேடு பத்திரமாக இருக்கிறது, சாமி. தொடக்கி வைக்கும் கிரப்தான் தடம் தவறிவிட்டது" என்றார்.

கெர்னலை நினைவகத்தில் ஏற்றிப் பொறுப்பை ஒப்படைத்ததும் கிரப் விலகிவிடுமாம். பின்னர் கெர்னல் தொடங்கும் முதற்செயலின் எண் 1. அதன் மரபுப்பெயர் இனிட். ஏனைய பணிகளை எழுப்புவதும், தாய்ச்செயல் முடிந்து அநாதையானவற்றைப் பெரும்பாலும் ஏற்பதும் அதுவே. கணிப்பொறி அணையும்வரை அது நிலைத்திருக்கும். அம்முதலிடம் எதற்கு என்பதில் வழக்கும் எழுந்தது. 2010-இல் தோன்றிய சிஸ்டம்டியை 2014-இல் டெபியன் தேர்ந்தபோது, உடன்படாதோர் பிரிந்து டெவுவானைத் தொடங்கினர்.

மாலையில் கிரப் சீரானது. பதிவேடு ஓரெழுத்தும் குறையாமல் திறந்தது.

அடுத்த மாதம் எனக்கு இடமாற்றம். இப்பங்கில் எண் 1 நானென்றே இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன் போலும். ஆணை வந்த நாள்முதல் உறக்கமில்லை. என் வேலையோ கிரப்பின் வேலை. அன்றிரவே பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்து, கிரப்பைச் சீராக்கும் முறையையும் தாளில் எழுதி, புதியவருக்காக மேசையில் வைத்தேன். பிறகு நன்றாக உறங்கினேன்.