கவிழ்த்துப் பார்த்தால் விலை தெரியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளின் சரக்கு கடைக்குள் அடங்குவதில்லை. தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், கண்ணாடிச் சட்டமிட்ட சாமி படங்கள், பித்தளை அண்டாக்கள் என்று எல்லாமே வாசல்வரை வழிந்து கிடக்கின்றன. புதிதாக வருபவர்களின் கண் தூண்களின் மீது போகிறது. விவரம் தெரிந்தவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்றாக எனாமல் தூக்குவாளிகளும் தட்டுகளும் மூடிபோட்ட சட்டிகளும் குவிந்திருக்கின்றன. வெண்ணெய் நிறத்தில் பச்சை விளிம்பு, நீலத்தில் வெள்ளை உள்பக்கம், ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் துருப்பிடித்த காயம். வாங்க வருபவர் ஒன்றை எடுத்ததும் முதல் வேலையாகக் கவிழ்க்கிறார். பேரம் அதற்குப் பிறகுதான்.

இந்த வறண்ட சீமையில் இத்தனை வெளிநாட்டுப் பாத்திரங்கள் எப்படி வந்தன? பதில் கடல்தாண்டி இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டிக்கடை வைத்த நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் கையில், 1930களின் இறுதியில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் மட்டும் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருந்தது. அந்தப் பணம் ஊரில் கல்யாணமாகவும் வீடாகவும் மாறியது. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் சாமான்களில் பித்தளை, வெண்கலம், வெள்ளி ஆகியவற்றுடன் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, ஜப்பான் தேசத்துச் சரக்குகளும் சேர்ந்துகொண்டன. கொடுப்பதில் ஒன்றிரண்டு என்ற கணக்கே கிடையாது. ஒரே அளவில் டஜன் கணக்கில் வாங்கி, சாமான் அறையில் அடுக்கிப் பூட்டினார்கள். பல பாத்திரங்கள் அடுப்பையே பார்க்காமல் முதுமை அடைந்தன.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. பிழைத்துத் திரும்பியவர்கள் மீண்டும் காலூன்றப் பார்த்தார்கள். 1960களில் நே வின் ஆட்சியின் தேசியமயமாக்கல் அந்த நம்பிக்கையையும் முடித்து வைத்தது. ஊரில் வீடு மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஆளுக்கொரு வேலை. ஓட்டை மாற்றக்கூட ஆளில்லாத நிலையில், பூட்டிய அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

முதலில் வெளியேறியது பித்தளை. அதற்கு எடைக்கு எடை விலை உண்டு. எவர்சில்வர் மோகம் பிடித்த காலத்தில் தமிழ்நாடெங்கும் பாட்டியின் செம்பும் தவலையும் மாற்றுச் சரக்காகப் போய் உருகியது இப்படித்தான். எனாமலை யாரும் சீண்டவில்லை. அது வெறும் இரும்புத் தகடு. மேலே சுமார் 800 டிகிரி வெப்பத்தில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் பூச்சு. உருக்கினால் லாபமில்லை, காயலான் கடைக்காரருக்கும் வேண்டாம். மதிப்பில்லை என்று மூலையில் கிடந்ததாலேயே அது பிழைத்தது. இன்று மும்பை, டெல்லி, கொச்சி உணவகங்களும் வீட்டு அலங்கார நிபுணர்களும் தேடுவது அந்த மூலையைத்தான்.

தேவை வந்தால் போலியும் வரும். புதிய எனாமல் பாத்திரத்தை வேண்டுமென்றே கொத்தி, துருவேற்றிப் பழசாக்குவது பெரிய வித்தை அல்ல. அசலைக் கண்டுபிடிக்கச் சில சோதனைகள் உண்டு. முதல் சோதனை தேய்மானம். உண்மையிலேயே புழங்கிய பாத்திரம், கை படும் இடத்திலும் தரையில் உராயும் இடத்திலும்தான் தேயும். கைப்பிடி, மூடியின் விளிம்பு, அடிவட்டம். கண்ட இடத்தில் ஒரே மாதிரி கொத்தல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய துரு கருத்து, இறுகி, பூச்சின் ஓரத்துக்கு அடியில் ஊடுருவியிருக்கும். நேற்றைய துரு ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டும். காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. எனாமலில் காந்தம் ஒட்ட வேண்டும். பித்தளை என்று சொல்லப்படும் பாத்திரத்தில் ஒட்டக் கூடாது.

அடுத்தது முத்திரை. தென் ஸ்வீடனில் ரோன்னபி பகுதியில் எனாமல் செய்த காக்கம்ஸ் நிறுவனத்தின் பெயரைக் கண்டால் வியாபாரிகளின் குரல் மாறுகிறது. ஆனால் பெயரைவிட நாடு அதிகம் பேசும். செக்கோஸ்லோவாக்கியா 1918இல் பிறந்து 1992 முடிவில் மறைந்த நாடு. எனவே அந்தப் பெயர் மட்டும் இருந்தால் பாத்திரம் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கு முற்பட்டதல்ல. ஜப்பானியப் பீங்கானில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால், 1952இல் முடிந்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்துச் சரக்கு என்று அது சொல்கிறது. இன்னொரு தடயம் இந்திய அரசின் கஜானாவில் இருக்கிறது. 1957 வாக்கில் ஏற்பட்ட அன்னியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இதுபோன்ற நுகர்பொருள் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டது. பயணப் பெட்டியில் வந்தவற்றைத் தவிர்த்தால், இங்குள்ள ஐரோப்பிய எனாமலில் பெரும்பகுதி அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும். முத்திரையே இல்லாதது போலி என்று அர்த்தமல்ல. காகித ஒட்டு கழுவிப் போயிருக்கலாம்.

இந்தப் பாடங்கள் எல்லாம் வாங்குபவருக்குத்தான் தெரிந்திருக்கின்றன என்பதுதான் இந்த வியாபாரத்தின் சங்கடம். வீட்டை ஒழிக்கும் குடும்பத்துக்கு அவசரம். பங்காளிகள் ஊர் திரும்ப வேண்டும். அறை முழுவதற்கும் சேர்த்துக் குத்துமதிப்பாக ஒரு தொகை பேசப்படுகிறது. அதில் உடைந்த கூடைக்கும் காயமே இல்லாத ஸ்வீடன் தூக்குவாளிக்கும் ஒரே மரியாதை. தெருக்கடையில் அதே வாளி தனி ஆளாகிறது. பெருநகரத்தின் ஒளிவிளக்குக்கு அடியில் அதற்கு வரலாறும் சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. முதல் படியில் நின்றவருக்கு அது தெரிவதே இல்லை.

இதற்கு மருந்து கடினமானதல்ல. விற்பதற்கு முன் ஒரு பகல் செலவழித்து ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் படித்து, முத்திரையோடு படம் எடுத்து, பட்டியல் போட்டுவிட வேண்டும். மூடியைச் சட்டியிலிருந்து பிரிக்கக் கூடாது. ஜோடி உடைந்தால் விலையும் உடையும். செட்டாக இருப்பதைச் செட்டாகவே விற்க வேண்டும். புளி, மணல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பித்தளைக்குச் சரி. எனாமலின் மினுமினுப்பை அது கொன்றுவிடும். வெந்நீரும் மெல்லிய துணியும் போதும். காயத்தைப் பெயின்ட் பூசி மறைப்பது விலையைக் குறைக்குமே தவிர ஏற்றாது.

வாங்குபவருக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியமும் ஈயமும் கலந்திருக்கக்கூடும். பூச்சு பெயர்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதைவிடச் செடி வைப்பதே நல்லது.

'ஆன்டிக்' என்று பலகை தொங்கினாலும் சட்டத்தின் கண்ணில் இவை தொல்பொருள் அல்ல. 1972ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக நூறு வயதைக் கேட்கிறது. அந்த வயதைத் தாண்டிய வெண்கல விளக்கு ஒன்று எனாமல் மூட்டையோடு வெளிநாட்டுக்குப் போனால் அது குற்றம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. சுவருக்கும் தூணுக்கும் கிடைக்கும் அந்தக் கவனம் சாமான் அறைவரை போவதில்லை.

பித்தளையில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. யார் வீட்டுச் சீர் என்பதை அது எங்கே போனாலும் சொல்லும். எனாமலில் உளி வைத்தால் பூச்சு தெறித்துவிடும். பெயின்டில் எழுதியது தேய்ந்துபோகும். அதனால் இந்தத் தூக்குவாளி தன் முதுகில் ஸ்வீடனின் பெயரைச் சுமக்கிறது, அதைச் சீராகக் கொண்டுவந்த ஆச்சியின் பெயரைச் சுமக்கவில்லை. விற்கும் நாளில் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பெயரையும், ஊரையும், கல்யாண வருஷத்தையும் எழுதி உள்ளே போட்டுவிட்டால், வாங்குபவர் அதற்கும் சேர்த்து விலை கொடுப்பார். கொடுக்காவிட்டாலும் பெயர் வாளியோடு போய்ச் சேரும்.